பாயான் லெப்பாஸ் நாட்குறிப்பு

செப்டம்பர் 8, திங்கள்: பட்டர்வொர்த், ஜார்ஜ் டவுன்

கோலாலம்பூர் ரயில் பட்டர்வொர்த்தில் இறக்கிவிட்டபோது பிற்பகல் மூன்று மணி. வானம் கறுத்து இறங்கியிருந்தது. காற்று துளியும் இல்லை. என்னிடம் படித்து, இப்போது பினாங்கில் டெஸ்ட் இன்ஜினியராக இருக்கும் பழைய மாணவன் நிலையத்துக்கே வந்திருந்தான். "சார், மழை பிடிப்பதற்குள் அக்கரை போய்விடுவோம்" என்று பெட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். படகுக் கட்டணம் 2 ரிங்கிட். ஒரு ரிங்கிட் அப்போது ஏறக்குறைய 21 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாற்பத்திரண்டு ரூபாய்க்குக் கடல் கடந்துவிடலாம். பாதி தூரம் போவதற்குள்ளேயே மழை பிடித்துக்கொண்டது. எதிரே ஜார்ஜ் டவுனின் கொம்தார் கோபுரம் தெரிந்தும் தெரியாமலும் நின்றது.

நான் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறேன். ஆண்டுதோறும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவைக்கிறேன். 2006-ல் தொடங்கிய ஒரு கைபேசி ஆலை 2014-ல் நின்றபோது, எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை பிள்ளைகள் கல்யாணப் பேச்சு முறிந்து வீட்டுக்குள் முடங்கினார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். இதே மாதிரியான மின்னணுத் தொழில் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் என்ற ஊரில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எப்படி வேர் பிடித்து நின்றது என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பினாங்கைச் சுற்றிப் பார்ப்பது இரண்டாவது காரணம்தான்.

பிரான்சிஸ் லைட் 1786-ல் இந்தத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எடுத்துக்கொண்டதிலிருந்து, சுங்கம் இல்லாத துறைமுகம் என்பதுதான் இவ்வூரின் பிழைப்பு. 1969-ல் அந்தச் சலுகை போய்விட்டது. கிட்டங்கிகள் காலியாயின, வேலையில்லாதவர் தொகை நூற்றுக்குப் பதினைந்தை ஒட்டி நின்றது. நாம் இன்று செல்வச் செழிப்பாகப் பார்க்கும் பினாங்கு, அன்று பிள்ளைகளைப் பிழைப்புக்கு வெளியூர் அனுப்பிக்கொண்டிருந்த ஊர்.

தங்கியது லிட்டில் இந்தியா பக்கம், குவீன் தெரு மாரியம்மன் கோவிலுக்கு நடந்துபோகும் தூரத்தில். அந்தக் கோவில் 1833-ல் எழுந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு நாசி கண்டார் கடை. வரிசையில் நின்று, நம் முறை வந்ததும் விரலைக் காட்டினால் போதும்: கோழி, வெண்டைக்காய், அவித்த முட்டை, மேலே நாலைந்து குழம்பையும் கலந்து ஊற்றிவிடுகிறார்கள். பரிமாறிய இளைஞர் பரமக்குடிக்காரர். நான் எந்த ஊர் என்று கேட்டவர், என் பதிலைக் கேட்டதும் ஒரு கரண்டி மீன் குழம்பைக் கூடுதலாக ஊற்றி, "இதுக்குக் காசு வேண்டாம்ணே" என்றார். பின்னால் நின்ற சீனப் பெரியவர் தாமதத்துக்காக முகம் சுளிக்கவில்லை. மொத்தம் 14 ரிங்கிட் 50 காசு, தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீர் தனியாக 2 ரிங்கிட் 20 காசு. காரம் நம் பக்கத்தைவிடக் குறைவு; ஆனால் குழம்புகள் கலக்கும் இடத்தில் ஒரு ருசி பிறக்கிறது பாருங்கள், அதற்கு விலையே சொல்ல முடியாது.

செப்டம்பர் 9, செவ்வாய்: பாயான் லெப்பாஸ்

இங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது. ஷிப்ட் மாறும் நேரத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக இருட்டோடு கிளம்பிப் பஸ் ஏறினேன். சில்லறை தரமாட்டார்கள், சரியான தொகையைப் பெட்டியில் போட வேண்டும். என் கையில் இருந்தது பத்து ரிங்கிட் நோட்டு ஒன்று மட்டும். ஓட்டுநர் தலையை ஆட்டிவிட்டார். பின்னால் ஏறிய காவலாளி உடுப்புக்காரர் ஒன்றும் பேசாமல் மூன்று ரிங்கிட்டை எனக்காகப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். நேபாளத்துக்காரர். இந்தியில் பேசினோம். பொகாராவுக்கு அந்தப் பக்கம் ஏதோ மலைக் கிராமம். ஆறு ஆண்டுகளாக இங்கே ஆலைக் காவல். பத்து ரிங்கிட்டை நீட்டினேன், வாங்கவில்லை. "நான் முதல் நாள் வந்தபோது எனக்கும் ஒருவர் போட்டார்" என்றார்.

லிம் சோங் யூ விரைவுச்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. சாலைக்குப் பெயர் கொடுத்தவர் மருத்துவர். 1969-லிருந்து 1990 வரை பினாங்கின் முதலமைச்சர். பதவிக்கு வந்த ஆண்டே பினாங்கு வளர்ச்சிக் கழகத்தை அமைத்தார். அமெரிக்க ஆலோசகர் ராபர்ட் நாதன் குழு 1970-ல் கொடுத்த அறிக்கை, துறைமுகத்தை இனி நம்ப வேண்டாம், ஏற்றுமதிக்கான ஆலைகளையும் சுற்றுலாவையும் கொண்டுவாருங்கள் என்றது. 1971-ல், ஏற்றுமதி ஆலைகள் சுங்கம் கட்டாமல் இயங்க வழிசெய்யும் தடையற்ற வணிக மண்டலச் சட்டம் வந்தது. 1972-ல் விமான நிலையத்தை ஒட்டிய நெல்வயல்கள் நாட்டின் முதல் தடையற்ற வணிக மண்டலமாயின. சிப் செய்யும் அமெரிக்க நிறுவனமான இன்டெல் தன் நாட்டுக்கு வெளியே முதல் ஆலையை இங்கே ஐந்து ஏக்கரில் தொடங்கியது. அந்த முதல் சில ஆண்டுகளில் வந்து சேர்ந்த எட்டு நிறுவனங்களை ஊர்க்காரர்கள் எட்டுச் சாமுராய்கள் என்கிறார்கள்: இன்டெல், ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரானிக்ஸ், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன். அவற்றில் சில இன்று வேறு பெயரில், வேறு கைகளில் இருக்கின்றன. கட்டடமும் கதவும் வேலைக்கு வருபவர்களும் தொடர்கிறார்கள்.

ஏழு மணிக்கு நான் பார்த்த காட்சியை எளிதில் மறக்க மாட்டேன். ஆலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. இறங்குபவர்களில் தலையில் துடோங் என்னும் முக்காடு அணிந்த மலாய்ப் பெண்கள் அதிகம். கூடவே வங்காளதேசத்தார், நேபாளத்தார், இந்தோனேசியப் பெண்கள். பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்ட் முடித்து வெளியே வருபவர்கள் யாரும் பேசிக்கொள்வதில்லை, கண்கள் சிவந்திருக்கின்றன. வாசலுக்கு எதிரே ஒரு பெண்மணி மடிப்பு மேசையில் நாசி லெமாக் பொட்டலம் விற்றார், 2 ரிங்கிட் 50 காசு. வாழையிலையைப் பிரித்தால் தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, சம்பல், கால் முட்டை. நானும் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து தின்றேன். வேலை முடிந்த பெண்கள் ஒருவருக்கு இரண்டு மூன்று பொட்டலமாக வாங்கிப்போனார்கள், வீட்டுப் பிள்ளைகளுக்கு.

உள்ளே விடமாட்டார்கள். தூசித் துகள் ஒன்று விழுந்தாலே சிப் கெட்டுவிடும் இடம். அதற்கு மேல் ரகசியக் காப்பு. மாணவன் வெளியிலிருந்தே கட்டடங்களைக் காட்டிச் சொன்னான். வேறு நாடுகளில் செய்த சிலிக்கான் வட்டுகள் இங்கே வருகின்றன. அவற்றை அறுத்து, ஒவ்வொரு சில்லையும் அடிப்பலகையில் ஒட்டி, நுண்ணிய இணைப்புகள் கொடுத்து, மூடி, சூடுகாட்டிச் சோதித்து, பக்கத்திலேயே இருக்கும் விமான நிலையத்தில் ஏற்றுகிறார்கள். உலகில் சிப்களைக் கட்டிச் சோதிக்கும் வேலையில் ஏறக்குறைய 13 சதவீதம் மலேசியாவில் நடக்கிறது; அதில் பெரும்பங்கு இந்தத் தீவிலும் எதிர்க்கரையிலும்தான். இன்டெல் 2021 டிசம்பரில் மேலும் 3,000 கோடி ரிங்கிட் முதலீடு அறிவித்ததும் இதே வேலையின் உயர்நிலைக்காகத்தான்.

ஆலைகளுக்கு நடுவே பாம்புக் கோவில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், சோர் சூ கோங் என்ற துறவியின் நினைவாகச் சீனர்கள் கட்டியது. பலிபீடத்துக்குப் பக்கத்தில் நட்டுவைத்த காய்ந்த கிளைகளில் பச்சையும் மஞ்சளுமான விரியன்கள் அசையாமல் சுற்றிக்கொண்டிருந்தன. ஊதுவத்திப் புகை கண்ணைக் கரித்தது. சுற்றிலும் காடாக இருந்த காலத்தில் அவை தாமாகவே வந்து நிறையுமாம். இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றார் கோவில் பணியாளர்.

மதியம் கொட்டிய மழையில் பாதரட்சை ஊறிப்போனது. குடை 12 ரிங்கிட்.

செப்டம்பர் 10, புதன்: பாயான் பாரு

பயணத்தில் மிக நல்ல நாள் இது.

மாணவனின் அடுக்ககத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு தமிழ் அம்மாவைப் பார்க்கப் போனோம். 1974-ல், பதினெட்டு வயதில், ஓர் அமெரிக்க ஆலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தவர். அப்பா அம்மா எதிர்க்கரையில், நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். நாங்கள் போனபோது முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைக் கிள்ளி, வயிற்றைக் கீறி, குடலை எடுத்து ஒதுக்குகிறார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் இயங்குகின்றன, மணிக்கட்டு முறத்தின் விளிம்பை விட்டு எழவே இல்லை.

"இப்படித்தான் தம்பி வேலையும். கை ஆடக் கூடாது" என்றார்.

முதல் நாளன்றே அவர்களுக்கு ஒரு சோதனை வைத்தார்களாம்: கிடுக்கியால் மணிகளை எடுத்துக் குழியில் வைக்க வேண்டும், நேரம் குறித்துக்கொள்வார்கள். தேறியவர்களுக்கு மைக்ராஸ்கோப் மேசை. தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு பருமன்கூட இல்லாத தங்கக் கம்பியைச் சிப்பின் ஓரத்திலிருந்து அதைத் தாங்கும் உலோகச் சட்டத்தின் காலுக்கு இழுத்து ஒட்ட வேண்டும். ஒரு சிப்புக்குப் பதினாலு, பதினாறு கம்பி. நாள் முழுக்கக் கண் அந்தக் குழாயில். "வெளியே வந்தால் வெயிலே மங்கலாகத்தான் தெரியும். மூன்று நாலு வருஷத்தில் நிறையப் பேருக்குக் கண்ணாடி. அதற்குப் பிறகு வேறு மேசைக்கு மாற்றிவிடுவார்கள், இல்லையென்றால் நாமே நின்றுவிட வேண்டியதுதான்."

மலாய்க் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் சிலருக்கு மைக்ராஸ்கோப்புக்குள் பேய் தெரிந்ததையும் சொன்னார். நள்ளிரவு ஷிப்டில் ஒருத்தி அலறுவாள். நொடிக்குள் பத்துப் பேர் அலறுவார்கள். லைன் முழுவதும் நின்றுவிடும். மறுநாள் ஆலைக்குள் போமோ என்னும் மந்திரவாதியை அழைத்து ஆட்டை வெட்டிப் பூசை போடுவார்கள். அந்தக் கால மலேசிய ஆலைகள் பலவற்றில் இது நடந்திருக்கிறது, ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் நேராக ஏ.சி. கூடத்துக்குள் வந்து, மூன்று ஷிப்டாக மாறி மாறி உட்கார்ந்த பெண் பிள்ளைகளின் உடம்பு வேறு எப்படித்தான் பேசும்? கேட்டுக்கொண்டிருந்த எனக்கு எங்கள் மாவட்டத்து விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள்.

சங்கம் பற்றிக் கேட்டேன். "அந்தப் பேச்சை எடுத்தாலே சூப்பர்வைசர் முகம் மாறும்" என்றார். மின்னணுத் தொழிலாளர்களுக்கு நாடு தழுவிய சங்கம் வைக்க அரசு நெடுங்காலம் இடம்தரவில்லை. 1988-ல்தான் ஆலைக்குள் மட்டும் சங்கம் வைக்க விட்டார்கள். வட்டார அளவிலான சங்கங்கள் வருவதற்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதலீட்டாளர்களைக் கூப்பிட இந்த அமைதியும் ஒரு காரணமாக இருந்தது என்பதை மறைத்துப் பினாங்கின் கதையைச் சொல்லக் கூடாது.

ஆனால் அந்த அம்மாவின் கதை அங்கே நிற்கவில்லை. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குத் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். 1985 மந்தத்தில் ஊரெங்கும் ஆள்குறைப்பு நடந்தபோது தப்பித்து, கம்பி இழுக்கும் இயந்திரம் வந்தபோது அதை ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவராக உயர்ந்து ஓய்வு பெற்றார். "என்னிடம் கற்றுக்கொண்ட பையன் இன்றைக்கு மானேஜர். வழியில் பார்த்தால் காரை நிறுத்தி 'அக்கா' என்பான்." மகள் கணினிப் பொறியாளர். பேத்தி சிப் வடிவமைப்பு படிக்கிறாள். தோட்டம், ஆலை மேசை, பொறியியல் கல்லூரி: மூன்று தலைமுறை அதே வீட்டு வரவேற்பறையில் படமாக மாட்டியிருக்கிறது.

நெத்திலியை வறுத்து, வெங்காயம் மிளகாய் அரைத்த சம்பலோடு சோறு போட்டார்கள். மறுத்தும் விடவில்லை. குளியலறையில் இரண்டு பெரிய பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி மூடிவைத்திருந்தார். 2024 ஜனவரியில் குழாய் அடைப்பான்களை மாற்றுவதற்காக நான்கு நாட்கள் தண்ணீரை நிறுத்தினார்களாம். அதிலிருந்து அந்தப் பீப்பாய்கள் காலியானதே இல்லை. பினாங்கின் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு பக்கத்து மாநிலமான கெடாவின் எல்லையில் ஓடும் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. சிப் ஆலைகளும் அதே தண்ணீரைத்தான் குடிக்கின்றன.

செப்டம்பர் 11, வியாழன்: ஒரு பட்டறை

சீனப் பெரியவர் ஒருவரின் பட்டறை. ஆலைகளுக்குச் சோதனைச் சாக்கெட்டும் பிடிப்பான்களும் செய்துகொடுக்கிறார். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தகரக் குவளையில் கோப்பி வைத்தார். கெட்டிப்பால் அடியில் ஒரு விரல் உயரம் நிற்கிறது.

அவர் ஓர் ஆலையில் டெக்னீஷியனாக இருந்தவர். வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு சிறு உதிரிபாகத்துக்காக லைன் வாரக்கணக்கில் காத்துக்கிடப்பதைப் பார்த்துச் சலித்து, அதை லேத்தில் தானே கடைந்து காட்டினார். மேலதிகாரி, "நீ வெளியே போய் இதைச் செய், முதல் ஆர்டர் நான் தருகிறேன்" என்றாராம். இரண்டு பழைய லேத்களோடு தொடங்கியது இன்று கணினியால் இயங்கும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் இடம். மகன் ஜெர்மனியில் படித்துத் திரும்பிப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார்.

ஒரு சாக்கெட்டை என் உள்ளங்கையில் வைத்தார். தீப்பெட்டி அளவுதான். அதற்குள் பல நூறு ஊசிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சுருள்வில். சிப்பை மேலே வைத்து அழுத்தினால் ஒவ்வொரு ஊசியும் அதன் புள்ளியைத் தொட்டு மின்சாரம் பாய வேண்டும். ஒன்று தொடாவிட்டாலும் நல்ல சிப் கெட்டது என்று ஒதுக்கப்பட்டுவிடும். ஊசி பல லட்சம் முறை அமுங்கி எழ வேண்டும். உருப்பெருக்கியில் காட்டினார்: தேய்ந்த ஊசியின் முனையில் பொன்பூச்சு போய்ப் பித்தளை தெரிந்தது. "இதைக் கண்ணால் பார்த்தே சொல்ல ஒருவனுக்கு ஐந்து வருடம் ஆகும்" என்றார். என் மாணவன் மொழிபெயர்த்தான்.

இத்தகைய பட்டறைகளில் சில பெரிய நிறுவனங்களாகவே வளர்ந்துவிட்டன. சிப்களைக் கேமராவால் பரிசோதிக்கும் இயந்திரங்கள் செய்யும் விட்ராக்ஸ் 2000-ல் தொடங்கியது. தானியங்கி இயந்திரங்கள் செய்யும் பென்டாமாஸ்டர் 1991-ல். வெளிநாட்டு ஆலையில் கற்றுக்கொண்டவர்கள் வெளியே வந்து தொழில் தொடங்குவதும், பழைய ஆலையே அவர்களின் முதல் வாடிக்கையாளர் ஆவதும் இங்கே ஒரு வழக்கமாகவே ஆகியிருக்கிறது. எனக்கு இந்தப் பயணத்தின் விடை இங்கேதான் கிடைத்தது. நிலமும் வரிச்சலுகையும் எந்த அரசும் தரலாம். ஆலை மூடினாலும் ஊரைவிட்டுப் போகாத கைத்திறன் சேர்வதற்கு ஒரு தலைமுறை பொறுமை வேண்டும்.

மாலையில் பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தின் வாசல்வரை நடந்தோம். 1989-ல் மாநில அரசு, நிறுவனங்கள், கல்வியாளர்கள் மூவரும் சேர்ந்து அமைத்தது. சந்தையில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொள்ளும் நிறுவனங்கள், பயிற்சிக்கு மட்டும் இயந்திரங்களையும் ஆட்களையும் ஒரே கூரையின்கீழ் பகிர்ந்துகொண்டன. என்ன படிக்க வேண்டும் என்பதை ஆலைகளே உட்கார்ந்து வகுத்தன. எங்கள் பாடத்திட்டத்தில் மைக்ரோபிராசசர் பாடத்தைப் படம் வரைந்து நடத்துகிறேன். மாணவர்கள் ஒரு சோதனைச் சாக்கெட்டைக் கையில் தொட்டதில்லை. அந்த வாசலில் நின்றபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி: பத்து காவான்

தீவில் இடம் தீர்ந்துவிட்டது. எனவே 2014-ல் திறந்த இரண்டாவது பாலத்தைக் கடந்து தொழில் எதிர்க்கரைக்கு வந்திருக்கிறது. பாலம் மொத்தம் 24 கிலோமீட்டர். கடல் நடுவில் காற்று காரை ஓரமாகத் தள்ளியது. மைக்ரான், லாம் ரிசர்ச், போஷ் என்று பெயர்ப்பலகைகள். சாலைகள் அகலம், மரங்கள் இன்னும் இடுப்பளவுதான், நிழலுக்கு ஒதுங்க இடமில்லை. இவை நிற்கும் மண்ணில் முன்பு கரும்பும் பிறகு எண்ணெய்ப்பனையும் இருந்தன. பக்கத்திலேயே ஒரு தமிழ்ப்பள்ளி. பெயர் இன்றும் பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளி. தோட்டம் கலைந்த குடும்பங்களில் எத்தனை பேர் இந்த ஆலைகளுக்குள் போனார்கள் என்று மாணவனிடம் கேட்டேன். "இன்ஜினியர்களில் சிலர் இருக்கிறோம் சார், பாதுகாப்பு, துப்புரவு வேலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்றான்.

ஜும்ஆ தொழுகை நேரம் என்பதால் கடைகள் பாதி மூடியிருந்தன. ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை மட்டும் திறந்திருந்தது: 11 ரிங்கிட், ரசம் கேட்டுக் கேட்டு ஊற்றினார் கடைக்கார அக்கா. திரும்பும்போது மழை, விபத்து, நெரிசல். பாலத்தின் மேல் ஒன்றரை மணி நேரம் நின்றோம். ரயில் தடம் ஒன்று எதிர்க்கரையையும் கொம்தாரையும் பாயான் லெப்பாஸையும் இணைக்கப்போகிறது. வேலை 2025-ல் தொடங்கியது. அதுவரை இந்த நெரிசல்தான் எல்லோருக்கும்.

செப்டம்பர் 13, சனி: பெர்மாத்தாங் டாமார் லாவுட்

தீவின் தென்கரை. கடலுக்குள் மண் கொட்டி எழுப்பும் தீவுக்குச் சிலிக்கான் தீவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் மூன்று தீவுகள் என்றிருந்த திட்டம் 2023-ல் ஒன்றாகக் குறைந்தது. அந்த ஒன்றே ஏறக்குறைய 2,300 ஏக்கர். பாயான் லெப்பாஸில் இடம் இல்லாத தொழில்கள் அங்கே வருமாம்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மலாய் மீனவர் எங்களை உட்காரச் சொல்லித் தன் பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றினார். இறால் முன்பு கரையை ஒட்டியே கிடைக்கும். இப்போது மண் மேட்டைச் சுற்றிக்கொண்டு வெகுதூரம் போக வேண்டும், எண்ணெய்ச் செலவு ஏறிவிட்டது என்றார். இழப்பீடும் புதிய படகும் இன்ஜினும் தருவதாக அரசு சொல்கிறது. "இன்ஜின் நல்லதுதான். கடலையும் சேர்த்துத் தருவார்களா?" என்று கேட்டார். அவர் மகள் பாயான் லெப்பாஸ் ஆலையில்தான் ஆபரேட்டர். அந்த வீட்டின் வரவும் இழப்பும் அதே தொழிலிலிருந்து வருகின்றன. அவரிடம் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. நெல்வயலை ஈடாகக் கொடுத்து வேலை வாங்கிய 1972-ல், ஊரில் பசி இருந்தது. இன்று அந்தப் பசி இல்லை. ஐம்பது ஆண்டு திறமை சேர்த்துவைத்திருக்கும் ஓர் ஊர் இறால் படுகையைத் தொடாமல் வளர வழி தேடியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு: சென்னை

பட்டறைக்காரப் பெரியவர் புறப்படும் முன் மாணவனிடம் ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார்: தேய்ந்து கழித்த சோதனைச் சாக்கெட்டுகள், ஊசிகள் கொட்டிய ஒரு டப்பா, பழைய உருப்பெருக்கி ஒன்று. காசு பேச்சே இல்லை. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சென்னைச் சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி அரை மணி நேரம் நிறுத்தினார்கள். இளவயது அதிகாரி ஒருவர் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். மேசையிலேயே ஒரு சாக்கெட்டைப் பிரித்துக் காட்டினேன். பக்கத்துக் கவுன்டர்க்காரரும் வந்து எட்டிப் பார்த்தார். விட்டுவிட்டார்கள்.

வரும் புதன்கிழமை மூன்றாம் ஆண்டு ஆய்வகத்தில் அந்தப் பெட்டியைத் திறக்கிறேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் பக்கம் கழித்துப்போடும் சாக்கெட், பழுதான பலகை, பழைய சோதனைக் கருவி எதுவாக இருந்தாலும், அனுமதி வாங்கி அருகிலிருக்கும் ஏதாவது ஒரு பாலிடெக்னிக்குக்குக் கொடுங்கள். முடிந்தால் மாதம் ஒரு சனிக்கிழமை நீங்களும் வந்து, அதைப் பிள்ளைகள் முன்னால் பிரித்துக் காட்டுங்கள்.